தொட்டிக் கணக்கு: நான் எழுதிய சார்பில் 100 லிட்டர் குறைகிறது, எங்கே போனது?

கேட்டவர்:
வணக்கம். வார்த்தைக் கணக்கைப் படித்துச் சார்பு எழுதும் பகுதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கணக்கு இதுதான்:

ஒரு தொட்டியில் 480 லிட்டர் நீர் உள்ளது. ஒரு குழாயைத் திறந்ததும் நிமிடத்துக்கு 6 லிட்டர் வெளியேறுகிறது. 10 நிமிடம் கழித்து, நிமிடத்துக்கு 4 லிட்டர் வெளியேற்றும் இன்னொரு குழாயும் திறக்கப்படுகிறது. முதல் குழாயைத் திறந்து ந நிமிடம் ஆனபின் தொட்டியில் உள்ள நீரின் அளவை அ(ந) என்ற சார்பாக எழுதுக. அ(25) காண்க. எப்போது 200 லிட்டர் மீதம் இருக்கும்?

நான் எழுதியது:
முதல் 10 நிமிடம்: அ(ந) = 480 − 6ந
அதற்குப் பிறகு: அ(ந) = 420 − 10ந

10 நிமிடத்தில் 60 லிட்டர் போய்விடுவதால் 420. இரண்டு குழாயும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 10. அப்படியானால் அ(25) = 420 − 250 = 170. விடைப்பகுதியிலோ 270 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில் 1:
அச்சுப்பிழை இல்லை நண்பரே, 270தான் சரி. உங்கள் 420-இலும் பிழையில்லை, 10-இலும் பிழையில்லை. இரண்டு வரியிலும் ந = 10 போட்டுப் பாருங்கள். மேல் வரி 420 தரும், கீழ் வரி 320 தரும். இரண்டாவது குழாயைத் திறந்த அந்தக் கணத்திலேயே 100 லிட்டர் காணாமல் போக முடியுமா?

ந எங்கிருந்து எண்ணுகிறது என்று பாருங்கள். முதல் குழாய் திறந்த நேரத்திலிருந்து. ஆனால் 420 என்பது அதற்கு 10 நிமிடம் பிந்திய நிலவரம். 420-இலிருந்து கழிக்க வேண்டுமானால், 420 ஆன பிறகு ஓடிய நேரத்தைத்தான் பெருக்க வேண்டும். அது ந இல்லை, ந − 10.

அ(ந) = 420 − 10(ந − 10)

ந = 25 என்றால் இரண்டு குழாயும் சேர்ந்து ஓடியது 15 நிமிடம்தான். 150 போக 270. ஏற்கனவே 60 லிட்டர் கொண்டுபோன அந்த 10 நிமிடத்துக்கு நீங்கள் இன்னொரு தடவை 100 கழித்துவிட்டீர்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் நான் 420-ஐக் கண்டுபிடிக்கவே மாட்டேன். ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக ஓர் உறுப்பு எழுதிவிடுவேன்: 480 − 6ந − 4(ந − 10). முதல் குழாய் ந நிமிடமும் ஓடுகிறது, இரண்டாவது 10 நிமிடம் தாமதம். கணக்கில் உள்ள வாக்கியம் அப்படியே கோவையாக இறங்கிவிடும்.

கேட்டவர்:
இரண்டையும் விரித்தால் 520 − 10ந என்றே வருகிறது. சரி, ஆனால் தொட்டியில் 520 லிட்டர் ஒருபோதும் இருந்ததில்லையே?

பதில் 2:
இருந்ததில்லைதான். இரண்டாவது குழாயும் ஆரம்பத்திலேயே திறந்திருந்தால், முதல் 10 நிமிடத்தில் அது 40 லிட்டர் கொண்டுபோயிருக்கும். 10ந என்று எழுதும்போது, நடக்காத அந்த ஓட்டத்தையும் சேர்த்துக் கழிக்கிறோம். அதை ஈடுகட்டத்தான் 480 + 40. மதிப்புக் காண விரித்த வடிவம் வசதி. சரிபார்க்க விரிக்காத வடிவமே மேல், அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் கணக்கில் ஓர் ஆள் இருக்கும். அவசரப்பட்டுச் சுருக்காதீர்கள்.

கேட்டவர்:
புரிந்தது. அடுத்த கேள்விக்கு அ(200) = 520 − 2000 = −1480 வருகிறது. திரும்பவும் எங்கோ இடிக்கிறது.

பதில் 1:
200 லிட்டரைக் கொண்டுபோய் நிமிடத்தின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் போவது உள்ளீடு, இங்கே அது நேரம். வெளியே வருவது அளவு. (கணிதவியலாளர் ஆய்லர் 1734-லேயே கையாண்ட குறியீடு இது. இன்றும் பலர் அதைப் பெருக்கல் என்று படித்துவிடுகிறார்கள்.) அ(200) கேட்பது "200-ஆவது நிமிடத்தில் எவ்வளவு நீர்?" என்பதை. உங்களுக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: அ(ந) = 200 ஆகும் ந எது?

கொடுத்த எண்ணின் அலகைப் பாருங்கள். நிமிடம் என்றால் பிரதியிடுங்கள். லிட்டர் என்றால் சமன்பாடு அமைத்துத் தீருங்கள். எந்த வரியை எடுப்பது? மேல் வரி 480-இலிருந்து 420 வரைதான் இறங்கும், 200 அதில் வராது. ஆகவே 520 − 10ந = 200, ந = 32. திரும்பப் போட்டுப் பாருங்கள்: 480 − 192 − 88 = 200.

கேட்டவர்:
நன்றி! அ(60) என்று கேட்டால் −80 என்றே எழுதிவிடலாமா?

பதில் 2:
கூடாது. 520 − 10ந = 0 ஆவது ந = 52-இல். அதோடு தொட்டி காலி. எதிர்க்குறி நீர் என்று ஒன்று இல்லை, கோவைக்கு அது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். எழுதும்போதே எல்லையையும் சேர்த்து எழுதுங்கள்:

அ(ந) = 480 − 6ந, 0 ≤ ந ≤ 10
அ(ந) = 520 − 10ந, 10 < ந ≤ 52

தொட்டி காலியான பிறகும் நேரத்தைத் தொடர வேண்டுமானால் மூன்றாவது வரியாக அ(ந) = 0, ந > 52 என்று சேருங்கள். அப்போது அ(60) = 0. சேர்க்காவிட்டால் 60 மதிப்பகத்திலேயே (ந எடுக்கக்கூடிய மதிப்புகளிலேயே) இல்லை, அ(60) வரையறுக்கப்படவில்லை என்று எழுத வேண்டும்.