ஆர்சி புக்ல ஒரு வருஷம், இன்ஜின்ல வேற வருஷம்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பழைய வண்டி பாக்கப் போறவங்க முதல்ல ஆர்சி புக்கத்தான் கேக்குறாங்க, நான் அதை கடைசியாத்தான் பாப்பேன். போன வருஷம் பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டத்துல பிஎஸ்ஏங்கிற பிரிட்டிஷ் கம்பெனியோட பழைய பைக் நிக்குதுன்னு தரகர் கூட்டிட்டுப் போனார். புக்ல 1952. வண்டியைப் பாத்தா முன்னாடி கர்டர் ஃபோர்க் (இரும்புச் சட்டம் மாதிரி இருக்குற பழைய வகை), பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில ரெண்டு ஸ்ப்ரிங் அவ்ளோதான், சிலிண்டர் ஹெட் மேல வால்வை இயக்குற ராக்கர் பாக்ஸும் இல்ல, வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துலயே இருக்குற சைடு வால்வு இன்ஜின். 52ல பிஎஸ்ஏ கர்டர் போட்டு வித்ததே இல்லையே, குழாய்க்குள்ள குழாய் இறங்குற டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வந்து வருஷக்கணக்கா ஆயிருச்சே! இடது பக்கம் சிலிண்டர் பேரலுக்குக் கீழ, இன்ஜின் நம்பர் இருக்குற கிராங்க் கேஸ்ல (இன்ஜினோட அடிக்கூடு) பெயின்ட் மேல பெயின்ட்டா அப்பி வெச்சிருந்தாங்க. தின்னர்ல நனைச்ச துணியால தேச்சு, பேப்பர் வெச்சு பென்சிலால உரசுனா மெதுவா "டபிள்யூ எம் 20"ன்னு எழும்பி வருது. ரெண்டாம் உலகப் போருக்காக லட்சத்துக்கும் மேல செஞ்ச 496 சிசி பட்டாளத்து வண்டி. சண்டை முடிஞ்சதும் டிஸ்போசல் ஏலத்துல போனதை யாரோ எடுத்து, 52லதான் ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும்.

இதுல வேடிக்கை என்னன்னா, சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒண்ணா இல்லையேன்னு தரகரே பயந்து விலையைக் குறைச்சுட்டார். அந்தக் கால பிஎஸ்ஏல கம்பெனியிலேயே ரெண்டுக்கும் வேற வேற நம்பர்தான் அடிப்பாங்க, ஒரே நம்பரா இருந்திருந்தாத்தான் எனக்கு சந்தேகம் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கல 😄

——

அண்ணே, ட்ரையம்ஃப்ல கதை நேர் எதிர். நான் லண்டன்ல இருக்கேன், கெம்ப்டன் பார்க்ல நடக்குற பழைய பார்ட்ஸ் சந்தைக்கு அடிக்கடி போவேன். மெரிடன் ஃபேக்டரியில செஞ்ச ட்ரையம்ஃப் 650 சிசி போனவில் மாடல்ல ஃப்ரேம் (சேஸ்) நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒண்ணாத்தான் இருக்கணும். 68 கடைசியிலேருந்து நம்பருக்கு முன்னாடி ரெண்டு எழுத்து வரும், முதல் எழுத்து மாசம், ரெண்டாவது எழுத்து மாடல் சீசன். "ஜே டி"ன்னா ஜே ஆகஸ்ட், டி 1970. ஆனா அவங்க சீசன் ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சுரும், அதனால அது 1969 ஆகஸ்ட்ல செஞ்ச 70 மாடல். இது தெரியாம ரெண்டு பேர் ஒரு வருஷத்துக்காக மல்லுக்கட்டுறதை நேர்லயே பாத்திருக்கேன். 71லேருந்து ஆயில் ஃப்ரேமுக்குள்ளயே போயிரும், தனியா ஆயில் டேங்க் இருக்காது, அதை தூரத்துலேருந்தே கண்டுபிடிச்சிரலாம். இன்னொண்ணு, 69 வாக்குலேருந்து நம்பர் அடிக்கிற இடம் பூரா பொடிப் பொடியா ட்ரையம்ஃப் லோகோ பதிஞ்சிருக்கும். ஒருத்தர் "ஒரிஜினல் 70"ன்னு காட்டுன வண்டியில அந்த இடம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு. அரம் போட்டு ராவிட்டு புதுசா அடிச்சிருக்காங்க. சிரிச்சுட்டு நகர்ந்துட்டேன்.

——

புல்லட் ஆளுங்களுக்கு நான் சொல்றேன். திருவொற்றியூர்ல 1955ல என்ஃபீல்டு ஆரம்பிச்சப்ப இங்கிலாந்துல இருக்குற ரெட்டிச்லேருந்து பார்ட்ஸ் வந்து இங்க பூட்டுனாங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாமே இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. தொப்பி வெச்ச மாதிரி இருக்குற அந்த ஹெட்லைட் கூட்டை வெச்சு வருஷம் சொல்றவங்களை நம்பாதீங்க, அது 54ல வந்து பல பத்து வருஷம் மாறவே இல்ல. வலது பக்க கியரும் அதே கதைதான். சட்டைப் பையில ஒரு காந்தம் வெச்சுக்கோங்க. பேரல்ல ஒட்டுனா வார்ப்பிரும்பு, பழைய இன்ஜினா இருக்க வாய்ப்பிருக்கு. ஒட்டலன்னா அலுமினியம், அது 2000 வாக்குல வந்த ஏவிஎல் இன்ஜினாவோ அதுக்கும் பின்னாடி வந்ததாவோ இருக்கும், விக்கிறவர் அறுபதாம் வருஷத்து வண்டின்னு சத்தியமே பண்ணாலும் சரி.

அப்புறம் இங்க நம்பர் போட்டோ போடுறவங்க கடைசி மூணு இலக்கத்தை மறைச்சுப் போடுங்கப்பா, அதைப் பாத்து இன்னொரு கிராங்க் கேஸ்ல அடிச்சு விக்க ஆள் இருக்காங்க.