மூன்று வருஷமாகியும் எனக்கென்று ஒரு பாணி வரவில்லை

லென்ஸ்கிறுக்கன்: ஒரு மாதம் கறுப்பு வெள்ளை, அடுத்த மாதம் பளிச் நிறம், என் புகைப்படங்களைப் பார்த்தால் பத்துப் பேர் எடுத்த மாதிரி இருக்கிறது. பாணி தானாக வருமா, தேடிப் பிடிக்கணுமா?

பழையஃபிலிம்: அமெரிக்க இயற்கைக் காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் ஆரம்பகாலப் படங்களைப் பாருங்கள், ஓவியம் போல மங்கலாக இருக்கும். 1927இல் கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது, மிச்சமிருந்த, படம் பதியும் கடைசிக் கண்ணாடித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டார், வானம் கறுத்து, மனதில் கண்டது அப்படியே படத்தில் விழுந்தது. அதற்கப்புறமும் 1930இல் இன்னொரு புகைப்படக்காரரான பால் ஸ்ட்ராண்டின் நெகட்டிவ்களைப் பார்த்துத்தான் பழைய பாணியை விட்டார். முதல் கேமரா கிடைத்ததோ 1916இல்!

தெருமுனை: ஆறு மாதம் ஒரே லென்ஸ். அப்புறம் பேசுவோம்.

லென்ஸ்கிறுக்கன்: சரி, 35 எம்எம் லென்ஸ் மட்டும். ஜூமைத் தம்பியிடம் தள்ளிவிடுகிறேன்.