மெரோபெனம் எதிர்ப்பு இருக்கு, ஜீன் டெஸ்ட் நெகட்டிவ்: எதை நம்புவது?

கேள்வி (நாகர்கோவில்):
பிளட் கல்ச்சரில் கிளெப்சியெல்லா பாக்டீரியா. மெரோபெனம் (ஆன்டிபயாட்டிக்) எம்ஐசி, அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு, 16; எதிர்ப்பு இருக்கு. கார்ட்ரிட்ஜ் பிசிஆரில் (ஜீன் டெஸ்ட்) கார்பபெனமேஸ் (மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்) ஜீன்களான கேபிசி, என்டிஎம், விஐஎம், ஐஎம்பி, ஆக்ஸா-48 ஐந்துமே நெகட்டிவ். ரிப்போர்ட் எப்படிக் கொடுப்பது சார்?

பதில் (மார்த்தாண்டம்):
எம்ஐசியைத்தான் நம்பணும். பிசிஆர் தேடுவது அந்த ஐந்தை மட்டும். வெளிச்சவ்வில் போரின் (மருந்து உள்ளே நுழையும் புரதத் துளை) இழந்து, கூடவே ஈஎஸ்பிஎல் (பல பீட்டா-லாக்டம் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்) இருந்தாலும் மெரோபெனம் எடுபடாது. ஜீன் இல்லை என்பதற்காக 'சென்சிட்டிவ்' என்று தயவுசெய்து போட்டுடாதீங்க.

பதில் (தக்கலை):
முதலில் கலப்புக் காலனியா பாருங்க. அப்புறம் எம்சிம் (கார்பபெனமேஸ் இருக்கா என்று பார்க்கும் டெஸ்ட்): 2 மி.லி. டிஎஸ்பியில் (திரவ வளர்ப்பு ஊடகம்) 1 மைக்ரோலிட்டர் லூப் அளவு காலனி, 10 மைக்ரோகிராம் மெரோபெனம் டிஸ்க், 35 டிகிரியில் 4 மணி நேரம். டிஸ்க்கை எடுத்து, ஈ.கோலை 25922 (மெரோபெனத்துக்கு அடங்கும் சோதனை ஸ்ட்ரெய்ன்) பரப்பிய முல்லர் ஹின்டன் அகார் தட்டில் வைங்க. மறுநாள் டிஸ்க்கைச் சுற்றி ஈ.கோலை வளராத வளையம் 19 மி.மீ. அல்லது கூடுதல் என்றால் கார்பபெனமேஸ் இல்லை.

பதில் (குளச்சல்):
கிளெப்சியெல்லா இல்லாமல் அசினெட்டோபாக்டர் பாக்டீரியா என்றால் வேற கணக்கு. அதில் அதிகம் வரும் கார்பபெனமேஸ் ஜீனான ஆக்ஸா-23 அந்தக் கார்ட்ரிட்ஜிலேயே கிடையாது.