பழைய மின்சார கார்: அடியில் ஒரு நெளிவு, வாங்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். 4 வருடம் ஓடிய மின்சார கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முடிவெடுக்க உங்கள் அனுபவம் வேண்டும்.

செலவுக் கணக்கில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்துப் பார்த்தாலும் பெட்ரோலைவிட லாபம்தான், வீட்டிலேயே சார்ஜ் போடுவதால். என்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் கிடையாது. எடை அதிகம் என்பதால் டயர் மட்டும் சீக்கிரம் தேயும் என்கிறார்கள். உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் தாங்கியது?

என் கவலை பேட்டரிதான். டார்ச் அடித்து வண்டியின் அடியில் பார்த்தேன். பேட்டரிப் பெட்டியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கீறல், அதன் முனையில் லேசான நெளிவு. கல் பட்டது, ஒன்றுமில்லை என்கிறார் விற்பவர். இதில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை) அளவுக்குச் சுலபமாகத் தீப்பிடிக்காது என்பது தெரியும். ஆனாலும் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி செல் ஏதாவது நசுங்கியிருந்தால்? பின்சீட்டில் தினமும் இரண்டு குழந்தைகள் உட்காரப் போகிறார்கள்.

இப்படி அடிபட்ட பெட்டியை யாராவது திறந்து சோதித்திருக்கிறீர்களா? ஓபிடி கருவியில் (காரில் செருகி அதன் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) செல்களுக்கு இடையே வோல்டேஜ் வித்தியாசம் பார்த்தால் போதுமா, இல்லை பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்கு மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் காப்புத் தடையும் அளக்க வேண்டுமா? அப்புறம், 8 வருட பேட்டரி வாரண்டி இந்த நெளிவைக் காட்டியே மறுக்கப்பட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து எழுதுங்கள்.