ஆகஸ்டில் தாய்லாந்து: சிமிலன், மாயா பே படகு டிக்கெட் கிடைக்கவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஆகஸ்ட் 3வது வாரம், 7 இரவு. அப்பா, அம்மா (65+), 6 வயதுப் பையன் உட்பட 5 பேர். சென்னை–பாங்காக் டிக்கெட் எடுத்தாச்சு, விடியற்காலை டான் மியாங் விமான நிலையத்தில் இறங்குகிறோம். புக்கெட்டில் தங்கி சிமிலன் தீவுகள், மாயா பே கடற்கரை பார்ப்பதாகத் திட்டம். படகுக்கு எந்தத் தளத்திலும் தேதியே திறக்கவில்லை. தளத்தில் கோளாறா? புக்கெட் ஹோட்டலை இப்போது ரத்து செய்தாலும் பணம் திரும்பி வரும்.

பதில் 1:
கோளாறு இல்லை, இரண்டும் மூடியிருக்கும். சிமிலன் தேசியப் பூங்கா மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடல். மாயா பே ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க மூடல்.

ஹோட்டலை ரத்து செய்துவிடுங்கள். புக்கெட் இருப்பது அந்தமான் கடல் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும். மழையைக் கூடச் சமாளிக்கலாம், அலைதான் ஆபத்து. கரோன், கட்டா கடற்கரைகளில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் முழங்கால் தண்ணீரிலும் பையனை விடாதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் பெரியவர்களையே கொண்டுபோய்விடும்.

கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவுக்கு மாற்றுங்கள். ஜூன்–ஆகஸ்டில் கேரளா நனையும்போது சென்னை காய்கிறதே, அதே கணக்குதான்: நடுவிலுள்ள மலை தடுத்துவிடுகிறது. சமுய்க்குப் பெருமழை அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை, அதிலும் நவம்பர் மோசம். ஆகஸ்டில் எப்போதாவது ஒரு மழை பெய்து ஓயும், அவ்வளவுதான்.

கேட்டவர்:
நன்றி சார். அப்படியென்றால் சமுய்க்கு எப்படிப் போவது? நேரடி விமானம் விலை அதிகமாக இருக்கிறது.

பதில் 2:
நேரடி விமானம் பெரும்பாலும் பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான சுவர்ணபூமியிலிருந்து கிளம்பும். நீங்கள் இறங்குவது டான் மியாங். விமான டிக்கெட் காட்டினால் நடுவே இலவசப் பேருந்து உண்டு. நெரிசல் இல்லாவிட்டால் 1 மணி நேரம். முதியவர்களோடு அந்த அலைச்சல் வேண்டாம். டான் மியாங்கிலிருந்தே, சமுய்க்கு எதிரே நிலப்பகுதியில் உள்ள சுராட் தானிக்குக் குறைந்த கட்டண விமானங்கள் இருக்கின்றன. அங்கிருந்து பேருந்தில் டோன்சாக் துறை, பிறகு படகு. பேருந்து, படகு இரண்டையும் சேர்த்த டிக்கெட்டாக எடுங்கள். சுராட் தானியில் இறங்கியதிலிருந்து ஹோட்டல் போய்ச் சேர 4 முதல் 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறுவது எங்கே என்றால், தனித்தனி டிக்கெட் எடுத்தால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது, மறுபடி செக்-இன் எல்லாம் உங்கள் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டால் பணம் போச்சு. நடுவே குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். அதற்காக மாலை விமானமும் கூடாது, கடைசிப் படகு போய்விடும். நண்பகலுக்குள் சுராட் தானியில் இறங்குவது நல்லது.

திரும்பும்போது படகும் சென்னை விமானமும் ஒரே நாளில் வேண்டாம். சமுயில் 5 இரவு, கடைசி 2 இரவு பாங்காக்.

பதில் 3:
மேலே சொன்னதோடு சில சேர்க்கிறேன். தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள், பையனுக்கும் சேர்த்து 5 பேருக்கும் நிரப்புங்கள். கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, உடனே வெளியே வாருங்கள். விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள்.

சிமிலனுக்குப் பதில் சமுயிலிருந்து படகில் ஆங் தோங் கடல் பூங்கா போகலாம். ஸ்பீட் போட் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், முதுகுவலி உள்ளவர்களுக்கு ஆகாது. பெரிய படகு கேளுங்கள். அங்குள்ள பச்சை ஏரியைப் பார்க்கச் செங்குத்தான படி ஏற வேண்டும், முழங்கால் வலி இருந்தால் கீழேயே இருந்துவிடலாம்.

பையனுக்குச் சமுயில் உள்ள ‘லிபா நோய்’ (Lipa Noi) கடற்கரை பொருந்தும், வெகுதூரம் ஆழமே இருக்காது. ஆனால் அந்த வளைகுடாவில் கடும் விஷமுள்ள பெட்டி ஜெல்லிமீன் (box jellyfish) உண்டு, ஜூலை முதல் அக்டோபர் வரை கூடுதல். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை போட்டுவிடுங்கள். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஒட்டியிருக்கும் இழையின் விஷப்பைகள் இன்னும் வெடிக்கும். வினிகரை 30 விநாடிக்குக் குறையாமல் ஊற்றிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பல கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். இருந்தாலும் ஒரு பாட்டில் வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.