நாய் அளவு சிலந்தி இருக்குமா, அத்தை?

வசந்தி சித்தி: நான் இனியன். அம்மா போனில் இருந்து எழுதுகிறேன். தேன்மொழி அத்தை, நாய் அளவு சிலந்தி எங்கேயாவது இருக்கிறதா? ஒரு வீடியோவில் சுவரில் ஏறிப் போனது.

கார்த்திக்: அது கணினியில் செய்ததுடா. கால் ஒரு பக்கம் போகிறது, நிழல் வேறு பக்கம் போகிறது. நன்றாகப் பார்.

தேன்மொழி அத்தை: நாய் அளவு இல்லை கண்ணா. ஆனால் நிஜத்தில் இருப்பதே பிரமாதம். எடையில் பெரியது கோலியாத் டாரன்டுலா என்ற சிலந்தி. தென் அமெரிக்காவின் வடக்கே, வெனிசுலா, கயானா, சுரினாம் பக்கத்து மழைக்காடுகளில் வளை தோண்டி வாழ்கிறது. கால்களை விரித்தால் ஏறக்குறைய 28 செ.மீ. ஒரு சாப்பாட்டுத் தட்டையே மூடிவிடும். எடை 170 கிராம் வரை போகும்.

தேன்மொழி அத்தை: கால் நீளத்தில் அதோடு போட்டி போடுவது லாவோஸ் நாட்டுக் குகைகளில் இருக்கும் ராட்சத ஹன்ட்ஸ்மேன் சிலந்தி. 30 செ.மீ. வரை வரும். உடம்பு சின்னது, எல்லாம் கால்தான். இவ்வளவு பெரிய பிராணிக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2001இல்தான். பீட்டர் யேகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் பெயர் வைத்தார்.

முரளி சித்தப்பா: 2001 வரைக்கும் யாருமே கவனிக்கவில்லையா அக்கா?

தேன்மொழி அத்தை: குகைக்குள் டார்ச் அடித்து மேலே பார்ப்பவர்கள் எத்தனை பேர் சொல். இன்றைக்கு 50,000க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. புதிது புதிதாக இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

வசந்தி சித்தி: நான் வசந்தி. அண்ணி, இவன் போனைத் தர மாட்டேன் என்கிறான். ஏன் அதைவிடப் பெரிதாக வளராது என்று கேட்டு நச்சரிக்கிறான்.

தேன்மொழி அத்தை: நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துக் காட்டு.

தேன்மொழி அத்தை: ஒரு சிலந்தியை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு நீளமாக்கினால் எடை எட்டு மடங்கு ஆகிவிடும். ஆனால் அதைத் தாங்கும் காலின் பரப்பு, குறுக்காக வெட்டிப் பார்த்தால், நான்கு மடங்குதான். அப்படியே போனால் ஒரு கட்டத்தில் கால் தாங்காது. அதோடு, சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத்தான் தசை இருக்கிறது, நீட்டுவதற்கு இல்லை. உடம்பில் இருக்கும் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்ளே சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பாய். அழுத்தம் போய்விட்டது, அதனால்தான்.

தேன்மொழி அத்தை: அப்புறம் தோல் உரிப்பது. எலும்பு உள்ளே இல்லை, ஓடுதான் வெளியே. வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியதும் உடம்பு சிறிது காலம் மெத்தென்று இருக்கும். நாய் அளவு எடையோடு அப்படி இருந்தால் தன் பாரத்திலேயே நசுங்கிவிடும்.

கார்த்திக்: அப்படியானால் கடலில் பெரிதாக இருக்கலாமே அத்தை? தண்ணீர் தாங்குமே.

தேன்மொழி அத்தை: அருமை, கார்த்திக்! ஜப்பானியச் சிலந்தி நண்டு அதற்குத்தான் சாட்சி. சிலந்தி இல்லை, நண்டுதான். முன் கொடுக்குகளை விரித்தால் முனைக்கு முனை 3.7 மீட்டர் வரை இருக்கும். நிலத்துக்கு வந்தால் தேங்காய் நண்டுதான் கணுக்காலிகளில், அதாவது பூச்சி, நண்டு, சிலந்தி எல்லாம் சேர்ந்த கூட்டத்தில், பெரியது. சுமார் 4 கிலோ. அதுவும் தோல் உரிக்கும்போது வாரக்கணக்கில் மண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது.

கார்த்திக்: ஆதி காலத்தில் அரை மீட்டர் சிலந்தி இருந்தது என்று படித்திருக்கிறேனே. மெகராக்னே.

தேன்மொழி அத்தை: அந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அர்ஜென்டினாவில் கிடைத்த, ஏறக்குறைய 30 கோடி ஆண்டு பழைய புதைபடிவம். 1980இல் மாரியோ ஹூனிகன் என்ற ஆய்வாளர் அதை ராட்சத சிலந்தி என்று விவரித்தார். அருங்காட்சியகங்களில் மாதிரி கூடச் செய்து வைத்தார்கள். பிறகு இன்னொரு படிவம் கிடைத்தது. 2005இல் அது சிலந்தி இல்லை, கடல் தேள் வகை என்று கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஹூனிகனும் ஒருவர்! அவர்மேல் எனக்கு அதனாலேயே தனி மரியாதை.

பாட்டி: தேனு, அந்தப் பெரிய சிலந்தி ஆளைக் கடித்தால் என்ன ஆகும்?

தேன்மொழி அத்தை: கோலியாத் கடித்தால் குளவி கொட்டிய மாதிரி வலிக்கும் அம்மா, உயிருக்கு ஆபத்தில்லை. அதன் முதுகுப்புற முடிதான் தொந்தரவு. பயந்தால் பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து முடியைக் காற்றில் பறக்க விடும். கண்ணிலும் மூக்கிலும் பட்டால் பயங்கர அரிப்பு. கால்களை உரசி ‘ஸ்ஸ்’ என்று சத்தமும் போடும். கிட்டே வராதே என்று இத்தனை விதமாகச் சொல்கிற பிராணி அது.

வசந்தி சித்தி: இனியன். பறவையைச் சாப்பிடுமாமே?

தேன்மொழி அத்தை: பெரும்பாலும் மண்புழு, பூச்சி, தவளைதான். பறவை மிக அபூர்வம். ‘பறவை தின்னும் சிலந்தி’ என்ற பெயர் வந்த வழி சுவாரசியமானது. மரியா சிபில்லா மெரியன் என்று ஒரு ஓவியர், 1699இல், 52 வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு சுரினாமுக்குக் கப்பல் ஏறினார். பூச்சிகளை உயிரோடு பார்த்து வரைய வேண்டும் என்பதற்காக! 1705இல் வந்த அவர் நூலில் ஒரு டாரன்டுலா தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவையைத் தின்னும் படம் இருந்தது. பின்னால் வந்த பலர் அதைக் கட்டுக்கதை என்றார்கள். 1863இல் ஹென்றி பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர், அமேசானில் ஒரு சிலந்தி சிறு பறவைகளைப் பிடித்திருந்ததைத் தானே பார்த்ததாக எழுதினார்.

முரளி சித்தப்பா: 52 வயதில், அந்தக் காலத்தில்!

பாட்டி: மகளையும் கூட்டிப்போனாளே, அது பெரிய விஷயம்.

தேன்மொழி அத்தை: ஆமாம் அம்மா. உங்களுக்கு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற சிலந்தி ஆய்வாளர். 1974இல் ஒரு காட்டுப் பகுதியில் வளைக்குக் கதவு மாதிரி மூடி போடும் கதவுச் சிலந்திகளின் வளைகளுக்குப் பக்கத்தில் எண் போட்டு அடையாளம் வைத்தார். பதினாறாம் எண் வளையில் ஒரு பெண் சிலந்தி. அந்த இனத்துப் பெண்கள் ஆயுள் முழுக்க ஒரே வளையில் இருப்பார்கள். ஆண்டுதோறும் போய்ப் பார்த்தார்கள். 2016இல் வளையின் மூடியில் ஒரு துளை இருந்தது. குளவி ஒன்று உள்ளே போயிருக்கிறது. அப்போது அந்தச் சிலந்திக்கு 43 வயது. இதுவரை பதிவான சிலந்திகளில் மிக அதிகமான வயது.

பாட்டி: 43 வருஷம் ஒரே வீட்டில்.

கார்த்திக்: என்னைவிட இரண்டு மடங்கு வயது!

தேன்மொழி அத்தை: பெரிய சிலந்தி என்றால் எல்லோரும் சென்டிமீட்டரைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்த 43தான் பெரிய அளவாகத் தெரிகிறது.

வசந்தி சித்தி: இனியன். எங்கள் சுவரில் வலை கட்டாத தட்டைச் சிலந்தி ஒன்று இருக்கிறது. வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக வட்டமாக எதையோ பிடித்திருக்கிறது.

தேன்மொழி அத்தை: அது வீட்டு ஹன்ட்ஸ்மேன். பிடித்திருப்பது முட்டைப் பை. தொந்தரவு செய்யாதே. குஞ்சு பொரியும் வரை அந்தத் தாய் பெரும்பாலும் இரை தேடாது. மற்ற நேரத்தில் கரப்பான் பூச்சி வேட்டைதான் அதன் வேலை. யாரும் துடைப்பத்தை எடுக்க வேண்டாம், முரளி, உனக்கும்தான்.

முரளி சித்தப்பா: எடுக்கவில்லை அக்கா. சிலந்திகளை இவனுக்கு நேரில் காட்ட வேறு வழி இருக்கிறதா?

தேன்மொழி அத்தை: இருட்டியதும் புல் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போ. டார்ச்சைக் கையில் தாழ்த்திப் பிடிக்காமல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் புல்லுக்குள் பளிச்சென்று ஒரு பச்சைப் புள்ளி தெரியும். ஒரே இடத்தில் பல புள்ளிகள் தெரிந்தால், முதுகில் குஞ்சுகளைச் சுமந்திருக்கும் தாய்.

வசந்தி சித்தி: இனியன். அவ்வளவு குட்டிக்கும் கண் மின்னுமா?

தேன்மொழி அத்தை: மின்னும். எண்ணிப் பார்த்து எத்தனை என்று எனக்கு எழுது.

முரளி சித்தப்பா: டார்ச்சுக்குப் புது பேட்டரி போடுகிறேன். கார்த்திக், நீயும் வா.

கார்த்திக்: வருகிறேன் சித்தப்பா, முழுக்கால் பேன்ட்டும் ஷூவும் போட்டு வாருங்கள் எல்லோரும்.