மீன் பில்லில் 12001200: பைதன் பழகுபவர்கள் இடறும் இடங்கள்

உவர்மலையான்:
திருகோணமலையில் பைதன் நிரல்மொழி பழகும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழைகளை இங்கே போடுங்கள். முதலாவது, மீன் பில். கிலோ விலை 1200ஐ இன்புட்டில் (அடிப்பதை வாங்கும் கட்டளை) வாங்கி, இரண்டு கிலோவுக்கு விலை * 2 என்று எழுதுவார்கள். திரையில் 12001200 நிற்கும். இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்துத் தொடராகத்தான் தரும். ஸ்ட்ரிங்கைப் பெருக்கினால் அதையே இரண்டு தரம் ஒட்டிவிடும். எரர் வராது, அதுதான் வில்லங்கம். வாங்கும் வரியிலேயே இன்ட் போட்டு முழு எண்ணாக்குங்கள். 1,200 என்று கமாவோடு அடித்தால் வேல்யூ எரர் வரும். முதலில் ரீப்ளேஸால் கமாவை எடுங்கள்.

பாலையூற்று:
சதம் வந்தால்? இன்ட்டுக்கு 1200.50 செரிக்காது. உடனே புள்ளி வைத்த எண்ணை ஏற்கும் ஃப்ளோட்டுக்கு ஓடுவார்கள், அதுவும் பிழை. 4.35 * 100 போட்டுப் பாருங்கள்: 434.99999999999994. அதை இன்ட் ஆக்கினால் 434, ஒரு சதம் போச்சு. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடியாமல் போகிறதல்லவா, ஃப்ளோட் எண்ணை வைக்கும் பைனரியில் (0, 1 மட்டும் உள்ள எண்முறை) 4.35க்கு அதே கதி. தசமத்தை அப்படியே வைக்கும் டெசிமல் வகைக்கு ஸ்ட்ரிங்காகவே கொடுத்து, 100ஆல் பெருக்கி, சதக் கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

நிலாவெளி பஸ்:
பலவற்றை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டில் வரும் குழப்பம். பைதன் 3இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்:

தரிப்புகள் = ["திருகோணமலை", "நிலாவெளி", "குச்சவெளி", "புல்மோட்டை"]

பெயர் நாலு, இன்டெக்ஸ் (இட எண்) 0 முதல் 3 வரை. தரிப்புகள்[4] கேட்டால் இன்டெக்ஸ் எரர். இது உடனே தெரிந்துவிடும், பரவாயில்லை. தெரியாமல் கெடுப்பது அடுத்தது:

திரும்பும்_வழி = தரிப்புகள்

என்று எழுதி, திரும்பும்_வழியை ரிவர்ஸ் செய்தால் போகும் வழியும் தலைகீழாகிவிடும். சமன் குறி நகல் எடுப்பதில்லை, ஒரே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கிறது. தரிப்புகள்[::-1] என்று எழுதினால் தலைகீழான புது லிஸ்ட் கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும்.

உவர்மலையான்:
சி மொழி பழகுபவர்களுக்கு ஒரு வரி: இஃப்புக்குள், சமமா என்று கேட்கும் == க்குப் பதில், மதிப்பை வைக்கும் = போட்டால் பைதன் நிறுத்திவிடும், சி கம்பைலர் விட்டுவிடும். வார்னிங்குகளை அணைக்காதீர்கள்.

அன்புவழிபுரம்:
அந்த [::-1]ஐத் தமிழ்ச் சொல்லுக்குள் விட்டுவிடாதீர்கள். "திருகோணமலை" தலைகீழானால் கடைசியில் "மணோகுரித" என்று வரும். கோவின் ஓகாரக் குறி ணவில் ஏறிவிட்டது, ருவின் குறி கவில். கண்ணுக்கு ஆறு எழுத்து, நீளம் எண்ணும் லென் சொல்வது 10; குறிகளையும் அது தனித்தனியாக எண்ணும்.

சில கோப்புகளில் ஓகாரக் குறி இரண்டு துண்டாக, ஏகாரக் குறியும் காலுமாக, இருக்கும். அப்போது லென் 11. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் == போட்டால் ஃபால்ஸ், அதாவது சமமில்லை; ஊர்ப் பெயரைத் தேடினால் அகப்படாது. பைதனோடு வரும் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸை, குறிகளைச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஓட்டினால் துண்டு இரண்டும் சேர்ந்துவிடும். சேமிக்கும்போதும் ஓட்டுங்கள், தேடும்போதும் ஓட்டுங்கள்.